பழைய இதழ் அட்டையைச் சட்டமிட ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 1930களில் வெளிவந்த, ஓவிய அட்டை கொண்ட இதழ்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் ஒளி பட்டுப் பழுப்பேறும் என்பதாலும், இத்தகைய தாளுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே பாதுகாப்பானது என்பதாலும், வெயில் எட்டாத சுவரையே அவற்றை மாட்டத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

என் கவலையெல்லாம் ஓர் அட்டையைப் பற்றியதுதான். குடை பிடித்து நிற்கும் பெண்ணின் ஓவியம் அது. வண்ணம் இன்னும் மங்கவில்லை. ஆனால் தைத்த கம்பி துருப்பிடித்து, அதைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை படர்ந்திருக்கிறது. மடிப்பைத் தொட்டாலே தாள் பொடியாக உதிர்கிறது. கம்பியை நீக்கி அட்டையைத் தனியே பிரிப்பதா, இதழை முழுதாகவே ஆழமான சட்டத்துக்குள் வைப்பதா? பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒட்டுநாடாவைத் தவிர்த்து, கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய, ஆனால் வலுவான ஜப்பானியத் தாளும் கொண்டு மடிப்பை வலுப்படுத்தியவர்கள், ஈரத்தில் மை கசியாமல் எவ்வாறு பார்த்துக்கொண்டீர்கள் என்பதை விளக்கமாகத் தெரிவித்தால் மிக்க நன்றியுடையவனாக இருப்பேன்.