எஸ்டேட் சேல்: ‘வீடொழிவு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இறந்துபோனவர் வீட்டுச் சாமான் முழுவதையும் அந்த வீட்டிலேயே வைத்து விற்பதை ஆங்கிலத்தில் ‘எஸ்டேட் சேல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு நம் குழுவுக்கு வந்த மடலுக்கு இதுவரை ஏழெட்டுப் பரிந்துரைகள் வந்துவிட்டன. பழைய சாமான் வாங்கி விற்பதுதான் எனக்குப் பிழைப்பு. பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கடை. சரக்கெல்லாம் தாமிரபரணிக் கரை ஊர்களில், பழைய வீடுகளில் கிடைப்பது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலச் சொல்லையே அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் அது நடக்காது. இங்கே எஸ்டேட் என்றால் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருஷக் குத்தகைக்குப் போன மலை அது. “எங்க தாத்தா எஸ்டேட்ல இருந்தாங்க” என்றால் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார் என்று அர்த்தம். பத்திரம் படித்துப் பழகிய பெரியவர்களிடம் கேட்டால் 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தைச் சொல்வார்கள். அதில் எஸ்டேட் என்பது ஜமீன். இறந்துபோனவர் விட்டுப்போன மொத்த உடைமை என்கிற மூன்றாவது அர்த்தம் இங்கே யாருக்கும் தோன்றாது. வாசலில் ‘எஸ்டேட் சேல்’ என்று போர்டு வைத்தால் ஏக்கர் என்ன விலை என்றுதான் கேட்பார்கள்.

‘சொத்து விற்பனை’க்கும் இதே சிக்கல்தான். சொத்து என்றாலே நிலமும் வீடும். ‘வீட்டு ஏலம்’ இன்னும் மோசம். கடன் கட்டாத வீட்டை வங்கி ஏலம் விடுகிற விளம்பரத்தைத்தான் நாளிதழில் பார்த்துப் பழகியிருக்கிறோம். தன் வீட்டு வாசலில் அந்த எழுத்தைப் பார்க்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும்?

அப்புறம் ஒன்று, எஸ்டேட் சேல் ஏலமும் இல்லை. அமெரிக்காவில் வீட்டுக்காரர் காலமாகிவிட்டாலோ, தள்ளாமையால் பிள்ளையோடு போய்விட்டாலோ அந்த வீட்டுச் சாமான் முழுவதையும் விற்கிற முறை அது. ஊசி நூலிலிருந்து கட்டில் வரை ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்டி, வெள்ளி சனி ஞாயிறு என்று இரண்டு மூன்று நாள் கதவைத் திறந்து வைப்பார்கள். முதல் நாள் முழு விலை, கடைசி நாள் பெரும்பாலும் பாதி விலை. நடத்திக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு, விற்றதில் அவர்களுக்குப் பங்கு. விடியுமுன்னே வரிசையில் நிற்பவர்களில் நிறையப் பேர் என்னைப் போல வாங்கி விற்கிறவர்கள்தான். ஏலம் என்றால் பொருளை ஏலக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், கூவ வேண்டும், ஒருவர் மேல் ஒருவர் கேட்க வேண்டும். இங்கே பொருள் தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வாங்குகிறவன்தான் வீட்டுக்குள் நடந்து போகிறான். நம் சொல்லில் இருக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: வீடு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மிடம் இதற்குச் சொல் இல்லாததால் என்ன ஆகிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆச்சி வீடு அம்பாசமுத்திரத்தில். தார்சா, பட்டாசாலை, அதற்குப் பின்னால் ஜன்னலே இல்லாத அரங்கு. அந்த அரங்கில்தான் எல்லாம் இருந்தது. நெல் பத்தாயம், ஊறுகாய்ப் பரணிகள், கலியாணத்துக்கு மட்டும் வெளியே வருகிற அண்டாக்கள், பிரி அறுந்த பத்தமடைப் பாய், நாங்கள் விளையாடிச் சாயம் போன மரச்செப்பு. ஆச்சி போய்ப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் வீட்டை விற்பது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நான் அப்போது வெளியூரில் வேலை. சேதி தெரிந்து வந்து சேர்ந்தபோது வாசலில் குட்டியானை லோடு வண்டி நிற்கிறது, பழைய இரும்பு எடுக்கிறவர் தராசை மாட்டி வைத்திருக்கிறார். பித்தளை தனி, செம்பு தனி, இரும்பு தனி. வெண்கலப் பானை வண்டியில் இடத்தை அடைக்கிறது என்று சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. பித்தளை என்றால் நெளியும். வெண்கலத்தில் வெள்ளீயம் அதிகம், அது நெளியாது, உடையும். கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பானை மூன்று துண்டு. ஒரு துண்டில் புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து, ஆச்சி பேரில் பாதி.

அன்றைக்கு யார் கேட்டாலும் வீட்டில் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: “எல்லாம் எடைக்குப் போட்டாச்சு.” அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ‘எடைக்குப் போடுவது’ என்ற பேச்சு நம் வாயில் இருக்கிறது, பானையைப் பானையாகவே விற்பதற்கு ஒரு பேச்சு இல்லை. “ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்ல இன்னது வச்சிருக்கோம், வாங்க” என்று கூசாமல் சொல்ல ஒரு சொல் இருந்திருந்தால், அந்தப் பானை இன்றைக்கு யாரோ ஒருவர் அடுப்பில் இருந்திருக்கும். இந்த விவாதத்தில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு வேறு காரணம் இல்லை.

சரி, இனி சொற்கள்.

‘முதுசொம் விற்பனை’ என்று யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எழுதியிருந்தார்கள். அருமையான சொல், முன்னோர் வழியாக வந்த உடைமை என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் சீதனம், தேடிய தேட்டம் என்பவற்றோடு சேர்ந்து நிற்பது. ஆனால் அங்கே முதுசொம் என்பதில் காணியும் அடங்கும், அதனால் மறுபடி சொத்து விற்பனைக்கே வந்து நிற்கிறோம். தலைமுறையாகக் கைமாறி வருகிற ஒரு நகைக்கோ பெட்டிக்கோ அந்தச் சொல்லை ஒதுக்கி வைத்துக்கொள்வோம், அதற்கு அது கச்சிதம். ‘இல்லப்பொருள் விற்பனை’ என்று வந்தது கடைப் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது, மிக்ஸியும் குக்கரும் விற்கிற கடை. ‘வீடு பிரிப்பு’ வேறு வேலை. தூணையும் நிலையையும் உத்தரத்தையும் கழற்றி விற்பது அது. செட்டிநாட்டில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது வீடொழிவு.

இது நான் உட்கார்ந்து செய்த சொல் இல்லை. “பாத்திரத்தை ஒழிச்சுப் போடு” என்று எங்கள் வீடுகளில் தினமும் சொல்கிறோம். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுக் கழுவப் போடு என்று அர்த்தம். “விருந்தாள் வாராக, அந்த ரூமை ஒழிச்சு வை” என்கிறோம். வாடகை வீட்டைக் காலி செய்வதும் ஒழித்துக் கொடுப்பதுதான். செங்கோட்டையைத் தாண்டி மலையாளத்துக்குள் போனால் ஒழிவு என்றால் காலியிடம், விடுமுறை நாள் ஒழிவுதினம். ஆக, ஒரு இடத்தில் நிறைந்திருந்ததை எடுத்து அதை வெறுமையாக்குவதற்கு இந்த வினை நம் கையில் தயாராக இருக்கிறது.

என் முதல் மடலில் இதை ‘வீட்டொழிப்பு’ என்று எழுதியிருந்தேன். கோவை நண்பர் உடனே மறுத்திருந்தார்:

> கொசு ஒழிப்பு, மலேரியா ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு. வீட்டை ஒழிப்பதா?

நியாயமான கேள்வி. ‘வீட்டொழிப்பு’ என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒழிப்பு என்பது பிறவினை, ஒருவன் இன்னொன்றை ஒழிக்கிறான். ஒழிவு தன்வினை, வீடு தானே ஒழிகிறது. ஒழிவு நேரம் என்று சொல்லும்போது யாரும் நேரத்தைக் கொன்றதாக நினைப்பதில்லை. ஒரு பகரம் போய் வகரம் வந்ததில் கசப்பு போய்விடுகிறது. துக்கம் நடந்த வீட்டில் சொல்ல வேண்டிய சொல் இது, அதனால் இந்த ஒரு எழுத்து முக்கியம்.

இன்னொரு சோதனையும் வைத்துப் பார்த்தேன். ஒரு சொல் நிற்குமா என்பது அது என்ன வினை எடுக்கிறது என்பதில் இருக்கிறது. ஏலத்தைப் பாருங்கள். போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’ இங்கே வந்து ஏலம் ஆயிற்று. ஏலம் விடுகிறோம், ஏலம் கேட்கிறோம், ஏலம் எடுக்கிறோம். விற்கிறவர், போட்டி போடுகிறவர், வாங்குகிறவர் மூன்று பேருக்கும் மூன்று வினை. அதனால்தான் அது வந்த சுவடே தெரியாமல் நம்முடையதாகிவிட்டது. வீடொழிவு வைக்கலாம், வீடொழிவுக்குப் போகலாம், வீடொழிவில் எடுக்கலாம். “இந்த உருளி எங்க எடுத்தீக?” “சேரன்மாதேவி வீடொழிவுல எடுத்தது.” வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தடுக்கவில்லை.

இந்த உரையாடலில் விலையும் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் வீட்டுக்குள் வைத்து விற்பதன் அருமை விளங்காது. எங்கள் பக்கத்தில் கொல்லம் ஆண்டுதான் பழைய கணக்கு, ஆவணியில் பிறக்கும். ஓலையிலும் பத்திரத்திலும் மட்டுமில்லை, பாத்திரத்திலும் வெட்டுவார்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வெண்கலச் சருவம் என் கைக்கு வந்தது. கழுத்துக்குக் கீழே, உளியால் தட்டின புள்ளிகளில் ஒரு பெண் பேர், பக்கத்தில் ௲௱௰௮, அப்புறம் ஆவணி. அதாவது 1118. அந்த வீட்டுப் பெரியம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார்கள், “எங்க அத்தை கலியாணத்துக்குச் செஞ்சது, சண்டை நடந்த சமயம்.” கொல்லம் 1118 ஆவணி என்றால், 824-ஐக் கூட்டி, 1942 ஆகஸ்ட்–செப்டம்பர். சரியாக உலகப் போர்க் காலம். இதே மாதிரி 1118 என்று வெட்டின இன்னொரு சருவம் எடைக்குப் போய், அங்கிருந்து பெரிய நகரத்துக் கடை ஒன்றுக்குப் போய், 900 வருஷத்துச் சோழர் காலத்துப் பாத்திரம் என்று அட்டை மாட்டி நின்றதை நானே பார்த்தேன். கடைக்காரர் 1118-ஐக் கிறிஸ்து ஆண்டு என்று எடுத்துக்கொண்டுவிட்டார். கொல்லம் என்று சொல்ல அங்கே பெரியம்மா இல்லை.

இப்படி ஒரு பொருள் எந்த வீட்டில் இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்கு ‘ப்ராவெனன்ஸ்’ என்கிறார்கள். அதையும் இந்த இழையிலேயே ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் தொழிலில் “எத்தனை கை மாறிச்சு?” என்றுதான் கேட்போம், ஆகவே ‘கைவழி’. சங்கப் பாட்டில் கைவழி என்றால் யாழ் என்று திருச்சிப் புலவர் ஐயா சுட்டிக் காட்டியது சரிதான். ஆனால் அந்தப் பொருளில் இன்று யாரும் அதை ஆள்வதில்லையே, யாழே நம் கையில் இல்லை. கைவழி தெரிந்தால் விலை ஏறும் என்பது சின்ன விஷயம். கைவழி தெரியாததைத் தொடக் கூடாது என்பதுதான் பெரிய விஷயம். கல்லிடைக்குறிச்சிக் கோயில் நடராஜர் 1982-இல் களவு போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடம் வரை போய், 2019-இல்தான் ஊர் திரும்பினார். வாங்கினவர்கள் கைவழியைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு போயிருந்தால் அவர் ஊர் திரும்ப இவ்வளவு காலம் ஆகியிருக்குமா? நான் சாமி விக்கிரகம் எதையும் வாங்குவதில்லை. நூறு வருஷம் தாண்டிய கைவினைப் பொருள் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். புதிதாக இத்தொழிலுக்கு வருகிற தம்பிகள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

படங்களைப் பற்றியும் எழுத ஆசை. கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமி படம் பூஜை அறைச் சுவரில் புகையேறித் தொங்கிக்கொண்டிருப்பதை வீடொழிவில் பார்ப்பதற்கும், கடையில் புதுச் சட்டம் போட்டுப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புது மறுபதிப்பில் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் பூப்பூவாகத் தெரியும், பழைய கல்லச்சுப் படத்தில் புள்ளி கையால் வைத்தது, ஒழுங்கற்று இருக்கும். இதற்குத் தனி மடல் போடுகிறேன்.

இப்போது எனக்கு அவசரமாக ஒரு முடிவு வேண்டும். வீரவநல்லூரில் ஒரு வீடு. பெரியவர் தவறிவிட்டார், அம்மாவைப் பிள்ளைகள் பெங்களூர் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எடைக்குப் போட வேண்டாம், வீட்டிலேயே இரண்டு நாள் விலைச்சீட்டு ஒட்டி வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “யார் யார் என்ன கொண்டுபோறாகன்னு நான் பாக்கலாம்லா?” என்று கேட்டார்கள். பாக்கலாம் அம்மா என்றேன். சம்மதித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை போர்டு எழுதக் கொடுக்க வேண்டும். இலக்கணம் தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள். வீடு ஒழிவது என்று எழுவாயாகக் கொண்டால் வீடொழிவு. வீட்டினது ஒழிவு என்று வேற்றுமையாகக் கொண்டால் டகரம் இரட்டித்து வீட்டொழிவு. என் காதுக்கு முதலாவதுதான் மெதுவாக இருக்கிறது. பெயின்டர் எந்த எழுத்தை எழுதட்டும்?

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து