வீட்டு சர்வருக்குப் பழைய என்டர்பிரைஸ் எஸ்எஸ்டியா, புதுசா?

மேசையடி:
புராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடும் வீட்டு சர்வரில் இசட்எஃப்எஸ் மிர்ரர், அதாவது ஒரே தரவை இரண்டு வட்டிலும் வைக்கும் அமைப்பு, போட இரண்டு எஸ்எஸ்டி வேண்டும். டேட்டா சென்டரிலிருந்து கழற்றிய சாம்சங்கின் என்டர்பிரைஸ் வட்டு பிஎம்863ஏ 960 ஜிபி ஒரு கடையில் இருக்கிறது. அதே விலைக்கு அதே கம்பெனியின் வீட்டு உபயோக வட்டு, புது 870 இவோ 1 டிபியே வருகிறது. எதை எடுக்கலாம்?

நடுநிசி:
புதுசுதான், யோசிக்கவே வேண்டாம். பழைய வட்டுக்காரர்கள் எப்போதும் ஆயுளைத்தான் பேசுவார்கள். பிஎம்863ஏ மொத்தம் 1,366 டிபி எழுதும் வரை தாங்கும், இவோ 600தான் என்று. சரி, வீட்டில் நாளுக்கு 50 ஜிபி எழுதினாலும் அந்த 600 தீர கிட்டத்தட்ட 33 வருடம் ஆகும். ஐந்து வருட வாரண்டியை விட்டுவிட்டு யாரோ அரைத்துத் தள்ளிய வட்டு எதற்கு?

ஓட்டுவீடு:
ஆயுள் கணக்கு சரிதான் நண்பரே, ஆனால் விஷயம் அங்கே இல்லை. என்டர்பிரைஸ் வட்டைத் திறந்து பாருங்கள், பலகையில் வரிசையாகக் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். கரன்ட் போனாலும் கேஷில் (வட்டின் தற்காலிக நினைவகம்) உள்ளதை ஃபிளாஷில் (நிரந்தர நினைவகம்) இறக்கிவிடும் அளவுக்கு அதில் மின்சாரம் இருக்கிறது. அதனால் டேட்டாபேஸ் ஃபிளஷ் கேட்டால், அதாவது ‘எழுதியதைப் பத்திரப்படுத்து’ என்றால், தரவு கேஷுக்கு வந்ததுமே வட்டு ‘ஆச்சு’ என்று சொல்லிவிடலாம். இவோ ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷ் வரை போய்த்தான் பதில் சொல்ல வேண்டும். இசட்எஃப்எஸ் மேல் போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ் ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நடுநிசி:
அவர் என்ன வீட்டில் வங்கியா நடத்துகிறார்? போட்டோ ஏற்றி வைக்க இதெல்லாம் வேண்டாம். கரன்டுக்கு யுபிஎஸ் இருக்கிறது. அப்புறம் ஃபர்ம்வேர் (வட்டுக்குள் இருக்கும் மென்பொருள்) கதை தெரியுமல்லவா? சில எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கான இணைப்பு வகை) எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், தரவும் திரும்பாது என்று 2019இல் சர்வர் கம்பெனியான எச்பிஇயே அறிவித்தது. அதாவது மூன்றே முக்கால் வருடம். பழைய வட்டுகள் சந்தைக்கு வரும் வயதும் ஏறக்குறைய அதுதான்.

ஓட்டுவீடு:
யுபிஎஸ் இருப்பது வட்டுக்குத் தெரியாதே! ஃபிளஷ் வந்தால் இவோ போகத்தான் வேண்டும். எச்பிஇ சமாசாரம் உண்மை, அதனால்தான் சர்வர் கம்பெனி முத்திரை போட்டதை நான் தொடுவதில்லை. இவர் கேட்பது சாட்டா வட்டு, சாதாரணக் கணினியில் இருக்கும் இணைப்பு.

கரிக்கட்டை:
சண்டைக்கு நடுவில் ஒரு வார்த்தை. கடைக்காரரிடம் ஸ்மார்ட் ரிப்போர்ட், அதாவது வட்டு தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு, கேளுங்கள். 9ஆம் வரி ஓடிய மணி. 177 தேய்மானம், 100இல் தொடங்கி வட்டு தேயத் தேய இறங்கும். 241இல் உள்ள எண்ணை 512ஆல் பெருக்கினால் எழுதிய பைட். மணி குறைவாகவும் தேய்மானம் அதிகமாகவும் இருந்தால் வேறு கடை பாருங்கள். மலிவாக இருக்கிறதே என்று எஸ்ஏஎஸ் வட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள், சாட்டா போர்ட்டில் ஏறாது.

மேசையடி:
நன்றி. படம், போட்டோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. இதில் வரப்போவது நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த கோப்புச் சேமிப்பு மென்பொருள்) டேட்டாபேஸும் சில விஎம்களும் (மெய்நிகர் கணினிகள்)தான். ரிப்போர்ட் வந்துவிட்டது: 34,000 மணி, 177இல் 91, எழுதியது சுமார் 110 டிபி. இரண்டு வட்டிலும் கிட்டத்தட்ட இதே எண்கள்.

நடுநிசி:
டேட்டாபேஸ் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஒரே ரேக்கில் ஒரே வேலை பார்த்த ஜோடி, சேர்ந்தே போகும். ஒன்று பழசு, ஒன்று இவோ என்று போடுங்கள்.

ஓட்டுவீடு:
மிர்ரரில் இரண்டும் எழுதி முடித்தால்தான் கணக்கு. இவோ வரும்வரை பிஎம்863ஏ காத்துக்கிடக்கும், கெப்பாசிட்டருக்குக் கொடுத்த காசு தண்டம். இரண்டாவதை வேறு கடையில் பழசாகவே தேடட்டும்.