ஆள் போய்ச் செய்த வேலையை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

பேரேடு
ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நடத்தும் மென்பொருள் ஏற்றுமதிக் கணக்கெடுப்பின் படிவத்தைச் சென்னையில் ஒரு நிறுவனத்துக்காக நான் நிரப்பினேன். வருவாயை நான்கு வழங்கு முறைகளாக, அதாவது சேவை வாடிக்கையாளரைச் சென்றடையும் வழிப்படி, பிரித்துக் கேட்டிருந்தார்கள்; ஆளே வெளிநாடு போய்ச் செய்வது நான்காம் முறை. என் கையில் இருந்ததோ ஒரே பில்: 14 பேர் இங்கே, 3 பேர் அமெரிக்காவின் ஓஹையோவில் வாடிக்கையாளரின் அலுவலகத்தில், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகை. மேலாளர் தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலேயே, "நான்காம் முறைக்கு 30 விழுக்காடு போடுங்கள்" என்றார். போட்டேன். அந்த 30 இன்றும் உறுத்துகிறது.

அளவுநாடா
உங்களுக்கு விகிதம்தான் சிக்கல். எனக்கு ஆளே சிக்கல். தோஹாவில் 7 மாதம் நில அளவை செய்தேன். என்னை நேரடியாக வேலைக்கு எடுத்தது கத்தார் நிறுவனம். நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த காரைக்குடிக்காரரை அனுப்பியது இந்திய ஒப்பந்ததாரர். அவர் செய்தது இந்தியாவின் சேவை ஏற்றுமதி. நான் பெற்றது வெறும் ஊழியர் ஊதியம், அது வர்த்தகமே ஆகாது. நாடாவோ ஒன்றுதான்.

கவுன்டர் 4
அளவுநாடா சொல்வது பாதிதான் சரி. உங்கள் ஊதியமாவது சரியான தலைப்பில் பதிவானது என்று எப்படி நம்புகிறீர்கள்? வங்கியில் ஓர் அம்மாவிடம் என்ன பணம் என்று கேட்டேன். "மகன் அனுப்பியது" என்றார். குடும்பப் பராமரிப்புக்கான குறியீட்டை இட்டுவிட்டேன். மகன் போய் 5 மாதமே ஆகியிருந்தது பிறகுதான் தெரிந்தது; ஓராண்டு ஆகாததால் அது ஊழியர் ஊதியத் தலைப்பில் போயிருக்க வேண்டும்.

பேரேடு கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். தலையை எண்ணி 17-இல் 3 என்று வகுக்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவரின் மணிக்கட்டணம் அதிகம் என்பதால் தொகை குறைந்துவிடும். வருகைப்பதிவிலிருந்து அங்கே கழிந்த மணிகளை எடுத்து, அங்குள்ள கட்டணத்தால் பெருக்குங்கள். ஓராண்டைத் தாண்டியவர்களைத் தனியே குறித்து வையுங்கள்: அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் (நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான வரவு செலவுக் கணக்கு) பொதுவாக ஓராண்டே எல்லை, அதைத் தாண்டினால் போன நாட்டின் வாசியாகவே கொள்வார்கள், ஆனால் 1995-இல் நடைமுறைக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் சேவை வர்த்தக ஒப்பந்தம் 'தற்காலிகம்' என்பதற்கு எந்த எண்ணும் சொல்லவில்லை. அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவோ முதலிலேயே 3 ஆண்டு வரை கிடைக்கும். உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டில், 2017-இல் உலகச் சேவை வர்த்தகத்தில் நான்காம் முறையின் பங்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய பங்கில் ஊகம் கலந்தால் மிஞ்சுவது என்ன?

பேரேடு
முறை நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். எனக்குப் பின் வந்தவர் தொலைபேசியில், "போன ஆண்டு 30 என்று இருக்கிறதே, அதையே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார்.