கிரஸ்தோதயம்: பலகையில் எழுத ஒரு தமிழ்ச்சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

கிரகணம் பிடித்த கோலத்திலேயே நிலா உதிப்பதைப் பஞ்சாங்கம் 'கிரஸ்தோதயம்' என்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2021 மே 26, 2022 நவம்பர் 8, 2026 மார்ச் 3 என ஐந்தாண்டுக்குள் மூன்று முறை இப்படித்தான். வாயில் நுழையும் பெயர் இல்லாததால் கோயில் பலகையிலும் புலனச் (வாட்ஸ்அப்) செய்தியிலும் 'சந்திரோதயத்தில் கிரகணம் ஆரம்பம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை.

மார்ச் 3ஐயே எடுத்துக்கொள்வோம். மலேசிய நேரப்படி பூமியின் கருநிழல் நிலாவைத் தொடுவது மாலை 5.50. முழுதாக மூடுவது 7.04, நடு 7.33, முழுக்கிரகணம் முடிவது 8.03, கருநிழல் விட்டுப் போவது 9.17. (வெளிப்புற மங்கல் நிழலான புறநிழல் 4.44க்கே தொடங்கும், கண்ணுக்குத் தெரியாத அதைப் பலகையில் போடவே வேண்டாம்.) பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நிலா உதயம் ஏறத்தாழ 7.26. ஆக, தலைகாட்டும்போதே முழு நிலாவும் நிழலுக்குள். ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

என் பரிந்துரை 'பிடியுதயம்'. பிடித்தபடியே மேற்கில் இறங்கினால் 'பிடிசாய்வு'. 'கிரகணம் பிடிச்சிருக்கு, விட்டிருச்சு' என்பதுதான் தோட்டத்து லயத்து வீடுகளில் பேச்சு. ஸ்பரிசம் (தொடுதல்), மோட்சம் (விடுதல்) எல்லாம் அச்சில் மட்டும்.

* * *

ஐயா, உங்கள் பரிந்துரைக்கு என் மறுமொழி: பிடி என்றால் பெண்யானையும்தான். 'பிடியுதயம்' என்று பார்த்ததும் தமிழாசிரியர் யாராவது சிரிப்பார். இருந்தாலும் மாற்றுகளைத் தட்டிப் பார்த்ததில் அவை இதைவிட மோசம். 'திங்களைப் பாம்பு கொண்டது' என்பது குறள் காலத்து வழக்கு. கொள் என்ற வேரிலிருந்து 'கோளுதயம்' எனலாமென்றால், செவ்வாயோ வியாழனோ உதிப்பதாகப் படிப்பார்கள். 'மறைப்புதயம்' அறவே ஆகாது. நிலா மறைவு என்றாலே மேற்கில் இறங்குவது. உதயமும் மறைவும் ஒரே சொல்லுக்குள் மோதும். மலாய்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் 'கெர்ஹானா' தெரியும். அதுவும் கிரகணமும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள், அதனால் அங்கேயும் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. யானையோடு சேர்த்தே பிடியை ஏற்கிறேன்.

ஆனால் குழப்பத்தின் வேர் வேறு. தமிழ்நாட்டு நாட்காட்டியை வைத்துக்கொண்டு எல்லா வரிக்கும் இரண்டரை மணி கூட்டுகிறார்கள். நிழல் விடும் நேரம் அங்கே மாலை 6.47, கூட்டினால் 9.17, சரி. நிலா உதயம் சென்னையில் ஏறத்தாழ 6.20, அதையும் கூட்டினால் 8.50! இங்கே நிலா ஏறி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். நிழல் தொடுவதும் விடுவதும் உலகம் முழுவதற்கும் ஒரே கணம், கடிகாரம்தான் வேறு. உதயமோ ஊருக்கு ஊர் வேறு. பழைய தலைமுறையில் சிலர் இரண்டு மணி மட்டும் கூட்டுவார்கள். 1982க்கு முன் இங்கே கடிகாரம் அரை மணி பின்னால் இருந்த காலத்துப் பழக்கம் அது.

ஆகவே இரண்டு வகைச் சொல் வேண்டும். எங்கும் மாறாததற்குத் 'தொடுகணம்', 'விடுகணம்'. அந்தந்த ஊரில் கிரகணம் கண்ணில் படும் நேரத்துக்குக் 'காண்பொழுது'.

* * *

நீங்கள் சொன்ன காண்பொழுது நல்ல சொல். ஆனால் அதை உதயத்திலிருந்து எண்ணக்கூடாது என்று வரையறையிலேயே சேர்க்க வேண்டும். 7.26 என்பது தட்டையான அடிவானத்துக்கு. சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே தித்திவங்சா மலை, அதற்கு முன்னால் செம்பனை (எண்ணெய்ப்பனை).

நம் அட்சரேகையில் நிலா ஏறக்குறைய செங்குத்தாக ஏறும், ஒரு பாகைக்கு நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். 12 மீட்டர் செம்பனை வரிசைக்கு 60 மீட்டர் தள்ளி நின்றால் அது சுமார் 10 பாகையை மறைக்கும். நிலா தெரிய 8.07 ஆகிவிடும், முழுக்கிரகணம் 8.03க்கே முடிந்தது. 200 மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்கித் தோட்டத்துத் திடலில் நின்றால் 3 பாகைதான், 7.39க்குத் தெரியும். அளக்கக் கருவி வேண்டாம்: கையை முழுக்க நீட்டினால் சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை, நடு மூன்று விரல் ஐந்து, மூடிய முட்டி பத்து. நிலா எழுவது நேர்கிழக்குக்குச் சற்று வடக்கே. அந்தத் திசையில் அளக்க வேண்டும்.

இன்னொன்று, சூரியன் அடைவது 7.29. அந்தி வெளிச்சத்தில் செம்பு நிற நிலா மங்கிப் போகும், 7.45 வரை கண்ணுக்குச் சிக்காமலும் போகலாம். உதயத்துக்குக் கூட்டம் கூட்டிவிட்டு 'ஒன்னும் காணோமே' என்று திட்டு வாங்குவது இதனால்தான். மார்ச் மாத மாலை இடிமழை தனிக்கணக்கு.

கோயில் நடை சாத்துவதற்குத் தொடுகணமா காண்பொழுதா என்பது குருக்கள் சொல்ல வேண்டியது. பலகையில் இரண்டையும் எழுதிவிடலாம்:

'சந்திர கிரகணம், 3.3.2026. தொடுகணம் மாலை 5.50 (இங்கே தெரியாது). பிடியுதயம் 7.26. திடலில் காண்பொழுது இரவு 7.45 முதல் 9.17 வரை. விடுகணம் 9.17.'

* * *

சரி. 'பிடியுதயம்' சேர்த்தே எழுதவும். பிரித்து எழுதினால் யானை வந்துவிடும்.