குவாரி, குப்பைமேடு, ரயில் பாதை: பூங்காவான பிறகு வருகிறவர்கள் கண்ணில் படுவது என்ன?

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில், பழைய கருங்கல் குவாரியில் நீர் நிரம்பி உண்டான குட்டி குய்லின் குளத்தின் முன்னால் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் அதை இயற்கை ஏரி என்றே நினைக்கிறார்கள். தகவல் பலகையால் இது மாறுவதில்லை. படம் எடுத்து முடித்த பிறகு படிக்கிற பலகை மனதில் நிற்காது. குழுவை அழைத்துப்போகிறவர்கள் தடயத்தை முதலில் காட்ட வேண்டும்.

எதிர்க்கரையிலிருந்து தொடங்குங்கள். தானாக உண்டான குளத்துக்குக் கரை சரிவாக இறங்கும், ஓரத்தில் கோரை முளைக்க இடமிருக்கும். இங்கே பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் போகிறது. கருங்கல்லை வெட்டி வெட்டிக் கீழே போனார்கள். ஊற்றுநீரையும் மழைநீரையும் பம்பு வைத்து இறைத்தார்கள். வேலை நின்றதும் பம்பும் நின்றது, குழி நிரம்பியது. குவாரிக் குளங்களில் ஓரத்திலேயே ஆழம் அதிகம். வேலி அதற்காகத்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கும் சட்டென்று புரியும்.

அடுத்து பாறைச் சுவர். வெடி வைப்பதற்கு மேலிருந்து துளை போடுவார்கள். வெடித்ததும் துளையின் முன்பாதி கல்லோடு போய்விடும். பின்பாதி சுவரில் அரைக்குழாய் போல நிற்கும். கல் சிதைந்த இடத்திலும் செடி மூடிய இடத்திலும் இதைத் தேடிப் பயனில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் பள்ளம் தெரியும், உச்சிவெயிலில் சுவர் தட்டையாகிவிடும். எந்தச் சுவர் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று முன்னாலேயே பார்த்துவையுங்கள்.

2022இல் திறந்த ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்காவில் சிக்கல் வேறு. பழைய சின் செங் குவாரியை எப்போதோ மண் கொட்டி மூடிவிட்டார்கள், குழியே தெரியாது. நேராகக் கீழே இருக்கிற ஈரநிலத்துக்குப் போனால் அதைப் பழைய சதுப்பு என்பார்கள். முதலில் மேலே இருக்கிற கொலுகோ பார்வை மேடைக்கு ஏற்றுங்கள். வெட்டிய பாறையின் உச்சியில் நின்று குனிந்து பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டியதில்லை.

*

லோரோங் ஹாலுஸ் ஈரநிலப் பூங்காவில் காட்டுவதற்குப் பாறையும் கிடையாது. 1999வரை குப்பை கொட்டிய இடம் என்றால் வருகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் நம்புகிறார்கள்: நாற்றம் இல்லை, அதனால் எல்லாம் முடிந்துபோன கதை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முடியவில்லை. மழைநீர் புதைந்த குப்பைக்குள் இறங்கிக் கசடுநீராகிறது. பக்கத்திலேயே சிரங்கூன் நீர்த்தேக்கம். அந்த நீர் அங்கே போகாமல் இருக்கத்தான் பூமிக்குள் தடுப்புச் சுவர் போட்டிருக்கிறார்கள். கசடுநீரை எடுத்து, காற்றூட்டி, நாணல் படுகைகளுக்கு விடுகிறார்கள், பிறகு தெளிவுக் குளங்கள். படுகையில் இருக்கிற சம்பையும் வெட்டிவேரும் அழகுக்கு நட்டவை என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். அழுக்கைத் தின்பவை வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள். சிவப்புப் பாலத்தில் படம் எடுக்க விட்டால் கூட்டத்தைத் திரும்பச் சேர்ப்பது கஷ்டம், படுகைகளை முதலில் முடித்துவிடுங்கள்.

*

பழைய மலேசிய ரயில் பாதை நடைபாதையான ரயில் பாதைப் பசுமை வழியில் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "தண்டவாளம் எங்கே?" ஓட வருகிற இளையவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை, அவர்களுக்கு அது நல்ல நடைபாதை. 2011 ஜூலை 1இல் ரயில் நின்றது. 24 கிலோமீட்டர் பாதையில் பெரும்பகுதித் தண்டவாளம் கழற்றப்பட்டு மலேசியாவுக்குப் போய்விட்டது. புக்கிட் தீமா நிலையத்திலும் இரும்புப் பாலங்களிலும் மிச்சம் இருக்கிறது.

நிலையத்தில் பழைய கட்டடத்தோடு நிறுத்தாதீர்கள், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தைக் காட்டுங்கள். ஒற்றைப் பாதை என்பதால் எதிரெதிர் ரயில்கள் இங்கே விலகிக்கொண்டன. அனுமதி அடையாளமான உலோகச் சாவி கைக்கு வராமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் போக முடியாது, ரயில் ஓடிய கடைசி நாள் வரைக்கும் இதுதான் முறையாக இருந்தது. இதைச் சொன்ன பிறகு ரயில் பாதையை இயக்கிய நெம்புகோல்களைக் காட்டினால் பிள்ளைகள் தாங்களே மீதியைக் கேட்பார்கள். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் பழைய ரயில் நிலையமும் இரும்புப் பாலமும் கிட்டக் கிட்ட. மழை பெய்த மறுநாள் என்றால் புல்தரை சொதசொதவென்று இருக்கும், தள்ளுநாற்காலி கொண்டுவருகிறவர்களிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.