விக்டவுன் புத்தகக் கடைப் பயிற்சி: முதல் பதிப்பு கண்டுபிடிக்க உதவி தேவை

வணக்கம். ஸ்காட்லாந்தின் புத்தக நகரமான விக்டவுனில் பழைய, அரிய நூல் கடைக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்குக் கையேடு தயாரிக்கிறோம்.

அலமாரியிலிருந்து எடுக்கும்போது புத்தக முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுத்தால் அட்டைத் துணி கிழியும்; பக்கத்துப் புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுக்கணும். விலையை 2பி பென்சிலில் மட்டும் எழுதணும். செலோடேப் கூடவே கூடாது, பசை மஞ்சளாகித் தாளில் ஊறிவிடும். விசிட்டர் விசாவில் சம்பளமில்லாத பயிற்சிக்கும் அனுமதி இல்லை. இவ்வளவும் எழுதியாச்சு.

சிக்கல் முதல் பதிப்பில்தான். பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சிடும் எண்வரிசையில் 1 இருக்கிறதா (இருந்தால் முதல் அச்சு) என்று தேடச் சொன்னால், பழைய பிரிட்டிஷ் நூல்களில் அந்த வரிசையே கிடையாது. மேலுறையில் விலை இல்லையென்றால் புத்தகக் கிளப் பதிப்பாக (கிளப் உறுப்பினர்களுக்கென அச்சிட்டது) இருக்கலாம்; பரிசு கொடுத்தவர் மேலுறையில் விலை அச்சிட்ட முனையை வெட்டியிருக்கவும் கூடும்.

1950க்கு முந்தைய நூல்களின் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம் இரண்டையும் பதிப்பகம் வாரியாகப் படமெடுத்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பகிருங்கள். மறுஅச்சுப் படங்களும் வேண்டும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண் பழகும்.