மேசையில் காலை டிபன் சாப்பிடக் கூடாதாம். எட்டு மணிக்கு வருகிறவர் எங்கே சாப்பிடுவது?

பரனூர்க்காரர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கிண்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீடு பரனூரில். காலை எட்டரைக்குள் கைரேகை வைத்தாக வேண்டும். ரயில் தாமதமாகிற நாட்களை யோசித்து ஒரு வண்டி முன்னதாகவே பீச் லோக்கலைப் பிடித்துவிடுவேன். எட்டு மணிக்கெல்லாம் சீட்டில் இருப்பேன்.

கிளம்பும் நேரத்தில் எனக்குச் சாப்பாடு இறங்காது. இறங்கினாலும் உட்கார நேரம் ஏது? பையனுக்கு டப்பா கட்ட வேண்டும், மாமியாருக்குக் கஞ்சி வைக்க வேண்டும். "ரயிலில் சாப்பிடலாமே" என்று நிறைய பேர் சொல்லிவிட்டார்கள். பரனூரில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கூடுவாஞ்சேரி வருவதற்குள் மகளிர் பெட்டியில் முழங்காலோடு முழங்கால் இடிக்க ஆட்கள் நிற்பார்கள். ஒரு கையில் பை, ஒரு கையில் கைப்பிடி என்று தொங்கிக்கொண்டு வருகிறவரின் முகத்துக்கு நேரே டப்பாவைத் திறக்க எனக்கு மனசு வராது.

அதனால் அலுவலகம் வந்ததும் என் மேசையிலேயே சாப்பிடுவேன். நாலு இட்லி. இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, சூடு ஆறவிட்டு அடுக்கியது. கீழே செய்தித்தாள் விரித்துக்கொள்வேன். முடித்ததும் டப்பாவைக் கழுவி, மேசையைத் துடைத்து, எட்டரைக்குக் கணினியைத் திறந்துவிடுவேன். வேலை நேரத்தில் ஒரு நிமிடம்கூட இதற்கு எடுத்ததில்லை. பெரும்பாலும் பொடி இட்லிதான், எப்போதாவது சாம்பார் இருக்கும்.

புதிதாக வந்திருக்கும் மேனேஜர் போன வாரம் எல்லோர் முன்னாலும் "இது ஆபீஸா, மெஸ்ஸா?" என்று கேட்டார். கையில் இருந்த இட்லியை வாயில் வைக்கவும் முடியவில்லை, டப்பாவில் போடவும் முடியவில்லை. அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது: மேசையில் காலை உணவு கூடாது, வேண்டுமானால் சாப்பாட்டு அறைக்குப் போங்கள். அந்த அறை மேல் மாடியில் இருக்கிறது. பூட்டியிருக்கும். செக்யூரிட்டி ஒன்பதரைக்குத்தான் திறப்பார். அந்த நேரத்துக்கு எனக்குச் சப்ளையர்களின் போன் ஆரம்பித்துவிடும்.

பதினொரு மணிக்கு எல்லோர் மேசைக்கும் டீயும் சமோசாவும் வருகிறது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் மேசையிலேயே கேக் வெட்டுகிறோம். அதையெல்லாம் யாரும் ஒழுங்குக் குறைவு என்று சொல்வதில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

மேசையில் சாப்பிடுவது அவ்வளவு தப்பா? தப்பு என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கே, எப்போது சாப்பிடுவது என்று யாரிடம் எப்படிக் கேட்பது? பக்கத்து சீட் பெண்ணிடம் "உனக்கு ஏதாவது தொந்தரவா?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லைக்கா" என்றாள்.

கும்பகோணம் ஆடிட்டர்

சகோதரி, உங்கள் மேனேஜர் பேசிய விதம் தப்பு. இப்படிப்பட்ட விஷயத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சாப்பிடுகிற ஆளை நிறுத்திப் பேசுவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. ஆனால் மேசையில் சாப்பாடு கூடாது என்பதில் நான் அவர் பக்கம்.

காரணம் சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் சில சமயம் அசல் பத்திரத்தையே கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை எங்கள் ஜூனியர் பையன் பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவித்தான் பத்திரத்தைத் தொட்டான். தட்டு இருந்த இடத்தில் மேசையில் நெய் இருந்திருக்கிறது, அது யார் கண்ணிலும் படவில்லை. முத்திரைத்தாளில் நெய் ஊறிய இடம் அப்படியே கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது. அது அந்தப் பெரியவரின் அப்பா வாங்கிய நிலத்துப் பத்திரம். அவர் கோபப்படவில்லை. வேட்டி நுனியால் இரண்டு தரம் துடைத்துப் பார்த்தார், அப்புறம் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு பின் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சும் வாஷ் பேசினும் போட்டேன். டிபன், டீ, பிஸ்கட் எல்லாம் அங்கேதான். எனக்கும் அங்கேதான். இட்லிக்கு ஒரு விதி, சமோசாவுக்கு ஒரு விதி என்று வைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். அந்த இடத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது.

சிறுசேரி அட்மின்

கட்டட நிர்வாகத்தில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஜன்னல் திறக்க முடியாத ஏ.சி. அலுவலகத்தில் உள்ளே இருக்கிற காற்றில் பெரும்பகுதிதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. வெளிக்காற்று கொஞ்சம்தான் சேரும். அதனால் ஒருவர் எட்டு மணிக்குத் திறந்த சாம்பார் பத்து மணிக்கு வருகிறவருக்கும் தெரியும். சாம்பாரில் தூக்கலாக நிற்பது பெருங்காயம். அதில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் லேசில் போகாது. அவித்த முட்டையும் அப்படித்தான். பொடி இட்லி அந்த அளவுக்கு இல்லை, ஆறியிருந்தால் இன்னும் குறைவு. மைக்ரோவேவில் சூடு பண்ணினால் எந்தச் சாப்பாடும் மாடி முழுக்கப் பேசும். கருவாடோ மீனோ மட்டும்தான் நாறும் என்று சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் முந்தாநாள் சாம்பாரைத்தான் எடுத்துச் சொல்வேன். அவரவர் மூக்கு அவரவர் வீட்டுச் சாப்பாட்டை மன்னித்துவிடும்.

இன்னொன்று எலி. மேசைக்கடியில் விழுகிற பருக்கையும் மிக்சர் துணுக்கும் எலியை வரவழைக்கும். வந்த எலி சும்மா இருக்காது, தரைக்கடியிலும் பொய்க்கூரையிலும் ஓடுகிற கேபிளைக் கடிக்கும். நெட்வொர்க் போய்விட்டது என்று ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தால் கேபிள் உறை பிய்ந்து கிடக்கும். மேசையில் சாப்பிட வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் வேலை. மேனேஜரைப் பற்றிப் புகாராக எழுதாதீர்கள். சாவியைப் பற்றி எழுதுங்கள். "காலை எட்டு மணிக்கு வருகிறவர்கள் மேசையில் சாப்பிட வேண்டியிராதபடி, சாப்பாட்டு அறையை 7.45-க்குத் திறந்து வைக்க முடியுமா? எட்டரைக்குள் துடைத்து வைத்துவிடுவோம்." இவ்வளவுதான். அட்மினுக்கு அனுப்பி, மேனேஜருக்கு நகல் போடுங்கள். உங்களைப் போலவே சீக்கிரம் வருகிற இரண்டு பேரின் பெயரையும் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். அவர் போட்ட விதியை நிறைவேற்ற வழி கேட்கிறீர்கள், மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.

பக்கத்து சீட் பெண்ணிடமும் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். "தொந்தரவா?" என்றால் நம் ஊரில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "எந்த டப்பா கொண்டுவந்தால் உனக்குக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் பதில் வரும்.

அம்பத்தூர் எஸ்டேட், ஓய்வு

அம்மா, நான் லேத்தில் நின்றவன். காலை ஆறு மணி ஷிப்ட். எட்டு மணிக்கு மணி அடித்தால் லைன் மொத்தமும் டிபனுக்கு நிற்கும். மெஷின் பக்கத்தில் சாப்பிட விட மாட்டார்கள். எங்களுக்கு அதில் மனக்குறையும் இல்லை, ஏனென்றால் உட்கார இடம் இருந்தது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் அது இருந்தது: 150 பேருக்கு மேல் வேலை செய்தால் சாப்பிடுகிற அறை, 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன். அறை இருக்கிற இடத்தில் வேலை செய்யும் கூடத்தில் சாப்பிடக் கூடாது என்பதும் அதே சட்டம். கூலன்ட் எண்ணெயும் இரும்புத்தூளும் கையில் இருக்கும்போது சோற்றைத் தொடுவது உடம்புக்குக் கேடு.

அந்தச் சட்டத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அறை, அப்புறம்தான் தடை. உங்கள் அலுவலகத்தில் தடை மட்டும் வந்திருக்கிறது.

உங்களுடையது தொழிற்சாலை இல்லை, அது எனக்குத் தெரியும். 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில்கூடக் காலை டிபனுக்கென்று நேரம் கிடையாது. நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதனால் சட்டத்தைக் காட்டி நிற்க வேண்டாம். நியாயத்தைக் காட்டிக் கேளுங்கள்.

ஹவுஸ்கீப்பிங் அக்கா

நான் ஒரு ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மேசையா அறையா என்று எல்லோரும் பேசிவிட்டீர்கள், துடைக்கிற ஆள் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

மேசைக்கடியில் இருக்கும் கூடை காகிதத்துக்கு. அதில் ஹோட்டல் பார்சல் சாம்பார்ப் பையை நூலை அவிழ்க்காமல் பாதி மீதியோடு போடுகிறார்கள். எடுக்கும்போது பை கிழிந்து கார்பெட்டில் ஊற்றும். கார்பெட்டில் சாம்பார் ஊற்றினால் ஈரத்துணியால் போகாது, ஷாம்பு போட்டு மிஷின் ஓட்ட வேண்டும், அதுவும் ராத்திரிதான் ஓட்ட முடியும். அன்று பகல் முழுக்க எங்கள் பொண்ணுங்களுக்குத் திட்டு. சிங்க்கில் அடைப்பு வந்து திறந்து பார்த்தால் கறிவேப்பிலையும் தேங்காய்ச் சக்கையும் பந்தாக இருக்கும். கையை விட்டுத்தான் எடுக்கிறார்கள். டப்பாவைக் கழுவும் முன் மீதியைக் குப்பையில் தட்டிவிட்டால் இந்த வேலையே கிடையாது. பரனூர்க்காரர் டப்பாவைக் கழுவுவதாக எழுதியிருக்கிறார், தட்டிவிட்டுக் கழுவுங்கள் அம்மா, அது போதும்.

இன்னொன்றும் கேட்கிறேன். நீங்கள் எட்டு மணிக்கு வருகிறீர்கள். தரை துடைக்கிறவர்கள் ஆறரைக்கே வந்திருப்பார்கள். அவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? எங்கள் கட்டடத்தில் ரொம்ப நாள் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். யாராவது இறங்கி வந்தால் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். சாப்பாட்டு அறையைத் துடைப்பதே அவர்கள்தான், ஆனால் அங்கே உட்காரத் தைரியம் வராது. நீங்கள் அறையைத் திறக்கச் சொல்லி எழுதும்போது அவர்களுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

சர்க்கரைக்காரர், திருச்சி

ஒரே ஒரு விஷயம். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், தலை கிறுகிறுப்பு. 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் மேனேஜரிடம் முன்பே சொல்லி வைத்துவிட்டேன், டிராயரில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. விதி போடுகிறவர்கள் இப்படிப்பட்ட ஆட்களையும் நினைத்துப் போட வேண்டும்.

பரனூர்க்காரர்

எல்லோருக்கும் நன்றி. அட்மின் சார் சொன்னபடியே எழுதி அனுப்பினேன், சீக்கிரம் வருகிற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். மறுநாளே பதில் வந்தது. துடைக்க வருகிறவர்களுக்காகச் செக்யூரிட்டி அந்த அறையை ஏழு மணிக்கே திறந்து, அப்புறம் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது பூட்டுவதில்லை. மேனேஜரும் தடுக்கவில்லை. சமோசாவும் இனி மேலே அறையில்தான் என்று அவரே அறிவித்துவிட்டார். அதில் சிலருக்கு என் மேல் கோபம், பரவாயில்லை.

பக்கத்து சீட் பெண்ணிடம் சார் சொன்ன மாதிரி கேட்டேன். அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டாம். இட்லி ஒன்றும் செய்யாது, சாம்பார் நாளில் மட்டும் மத்தியானம் வரை கஷ்டம் என்றாள்.

ஹவுஸ்கீப்பிங் அக்கா எழுதியதைப் படித்த மறுநாள், எங்கள் மாடியைத் துடைக்கிற அம்மாவை என்னோடு சாப்பிட உட்காரச் சொன்னேன். வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "வேணாம்மா, எங்க சூப்பர்வைசர் பார்த்தா சத்தம் போடுவாரு" என்றார். லிப்டுக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையில்தான் சாப்பிடுகிறாராம், அங்கே பினாயில் கேன்கள். அவர்கள் காண்டிராக்ட் ஆட்கள். எங்கள் அட்மினிடம் கேட்டதற்கு "யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே" என்கிறார். இதற்கு மேல் யாரிடம் பேசுவது?

ஹவுஸ்கீப்பிங் அக்கா

உங்கள் அட்மினிடமே பேசுங்கள். வாயால் சொன்னது சூப்பர்வைசர் மாறினால் போய்விடும். காண்டிராக்ட் கம்பெனிக்கு அவர் ஒரு வரி மெயில் போடட்டும்: காலை டிபனுக்கு உங்கள் ஆட்களும் சாப்பாட்டு அறையைப் பயன்படுத்தலாம், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை. நேரத்தைப் போடச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். தமிழில் இருக்கட்டும்.